நாக்குக்கும் தொண்டைக்கும் தினசரிப் பயிற்சி: ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கண்ணாடி முன்னால் நின்று வாயை அகலத் திறந்து, நாக்கை உள்ளேயே தாழ்த்தி வைத்துக்கொண்டு தொண்டையைப் பாருங்கள். நடுவில் சின்னச் சதைத்துண்டு ஒன்று தொங்கும். அதுதான் உள்நாக்கு. இப்போது ‘ஆ... ஆ... ஆ...’ என்று விட்டுவிட்டுச் சொன்னால் ஒவ்வொரு முறையும் அது மேலே ஏறி இறங்கும். சரி, இனி சத்தமே போடாமல் அதை மேலே தூக்குங்கள்.

முடியவில்லை, இல்லையா? எனக்கும் முதல் இரண்டு வாரம் முடியவில்லை. பல் தேய்க்கும் இடத்தில் வாயைப் பிளந்தபடி நான் நிற்பதைப் பார்த்து என் மனைவி, “ஏங்க, கண்ணாடியைக் கடிக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். என் குறட்டையால் என்னைவிட அதிகம் தூக்கம் கெட்டவள் அவள்தான். கேலி செய்ய முழு உரிமை உண்டு.

உள்நாக்கு, அண்ணத்தின் பின்பகுதி, நாக்கின் அடி, கன்னம் என்று நாம் ஒருநாளும் நினைத்தே பார்க்காத தசைகளுக்குத் தினமும் வேலை கொடுத்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடுவது, அதாவது ஸ்லீப் ஆப்னியா, குறையும். இது யூடியூப் வைத்தியம் கிடையாது. ஆய்வு நடந்திருக்கிறது, எண்கள் இருக்கின்றன. ஆனால் அந்த எண்கள் எவ்வளவு சொல்கின்றனவோ அவ்வளவுதான் நம்ப வேண்டும். இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷினைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தொண்டை ஏன் அடைத்துக்கொள்கிறது

மூக்குக்கு எலும்பு இருக்கிறது. மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தொண்டைக்கு மட்டும் அப்படித் தாங்கிப் பிடிக்கும் கூடு எதுவும் இல்லை, சுற்றிலும் தசைதான். விழுங்குவதற்கும் பேசுவதற்கும் வளைந்து கொடுக்க வேண்டுமே! விழித்திருக்கும்போது இந்தத் தசைகள் விறைப்பாக நின்று வழியைத் திறந்து வைக்கின்றன. தூங்கியதும் தளர்கின்றன. கனவு வரும் தூக்கத்தில் இன்னும் தளர்கின்றன.

நனைந்துபோன காகித ஸ்ட்ராவில் இளநீரை வேகமாக உறிஞ்சிப் பாருங்கள். பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஆப்னியாவில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். குழாய் குறுகிச் சதை அதிர்ந்தால் குறட்டை. முழுக்க ஒட்டிக்கொண்டால் சத்தம் நின்று போகும், கூடவே மூச்சும். மார்பு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. கடைசியில் மூளை அரை விழிப்புக்கு வந்து தசைகளைத் தட்டி எழுப்ப, ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். இது எதுவும் நமக்குக் காலையில் நினைவிருக்காது.

மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு நிகழ்வாகக் கணக்கில் சேர்ப்பார்கள். முழுக்க நிற்காமல் ஓரளவு குறைவதையும் தனியாக எண்ணி, எல்லாம் சேர்த்து மணிக்கு எத்தனை என்று சொல்வதுதான் ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சு, ஆக்ஸிஜன் முதலியவற்றைப் பதிவு செய்யும் சோதனை) ரிப்போர்ட்டில் வரும் ஏ.எச்.ஐ. பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. உங்கள் எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள பாதி விஷயம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும்.

இன்னொரு தசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழ்த்தாடையின் உள்பக்கத்தில், முகவாய்க்கு நேர் பின்னால் தொடங்கி, விசிறி மாதிரி விரிந்து நாக்குக்குள் போகும் பெரிய தசை ஒன்று இருக்கிறது. நாக்கை முன்னால் இழுத்துப் பிடிப்பது இதன் வேலை. மல்லாந்து படுக்கும்போது இது தளர்ந்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து வழியை அடைக்கும். பயிற்சிகளில் பாதி இந்தத் தசையைக் குறிவைத்தே அமைந்தவை.

ஆதாரம் என்ன

2009ல் பிரேசிலின் சாவ் பாலோவில், காட்டியா கிமராயிஸ் என்ற பேச்சுப் பயிற்சி நிபுணரும் அவருடைய குழுவினரும் நடுத்தர ஆப்னியா உள்ள 31 பேரை எடுத்துக்கொண்டார்கள். 16 பேருக்கு வாய், தொண்டைப் பயிற்சி. மீதி 15 பேருக்கு வெறும் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி. மூன்று மாதம், தினம் சுமார் அரை மணி நேரம். பயிற்சி செய்தவர்களின் சராசரி ஏ.எச்.ஐ. 22.4லிருந்து 13.7க்கு இறங்கியது. கழுத்துச் சுற்றளவு 39.6 செ.மீ.யிலிருந்து 38.5 ஆனது. மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை.

நல்ல செய்திதான். ஆனால் 13.7ஐ இன்னொரு முறை பாருங்கள். அது இயல்பு இல்லை. நடுத்தரத்திலிருந்து லேசானதுக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவே.

2015ல் அதே நாட்டில் பயிற்சிகளைச் சுருக்கி, ஒரு வேளைக்கு எட்டு நிமிடம், நாளைக்கு மூன்று வேளை என்று 39 பேரிடம் சோதித்தார்கள். இவர்கள் வெறும் குறட்டை அல்லது லேசான, நடுத்தர ஆப்னியா உள்ளவர்கள். மூன்று மாதத்தில் குறட்டையின் எண்ணிக்கை 36 சதவீதமும் மொத்தச் சத்தத்தின் அளவு 59 சதவீதமும் குறைந்தன. நான் கீழே விவரிக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் இந்தச் சுருக்கப்பட்ட முறையைச் சேர்ந்தவை. அரை மணி நேரம் தொடர்ந்து உட்காருவதைவிட மூன்று எட்டு நிமிடங்கள் நம் அன்றாடத்துக்குள் எளிதாக நுழையும். அதே ஆண்டில் கமாச்சோ என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பெரியவர்களுக்கு ஏ.எச்.ஐ. ஏறக்குறைய பாதியாகவும் குழந்தைகளுக்கு 62 சதவீதமும் குறைந்திருந்தது.

இந்த எண்களைக் கண்டு துள்ளுவதற்கு முன், மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பான காக்ரேன் 2020ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பையும் சொல்ல வேண்டும். பகல் தூக்கம் குறைகிறது, ஏ.எச்.ஐ.யும் குறையலாம் என்றது அது. ஆனால் சோதனைகள் சிறியவை, சான்றின் உறுதி பெரும்பாலும் குறைவு என்றும் கூடவே எழுதியது. எனக்கு இந்த நிதானம் பிடித்திருக்கிறது.

வாத்தியம் வாசித்துக் குறட்டையைக் குறைத்த கதையும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் வாசிக்கும் டிட்ஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலை, ஸ்விட்சர்லாந்தில் 25 பேரை வைத்து நான்கு மாதம் சோதித்தார்கள். வாசித்தவர்களுக்கு ஏ.எச்.ஐ. குறைந்தது, பகல் தூக்கமும் குறைந்தது. 2006ல் வெளியான அந்த ஆய்வுக்கு 2017ல், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் விருது கிடைத்தது. சமாதானப் பிரிவில்! பக்கத்தில் படுத்திருப்பவரின் சமாதானத்தையும் கணக்கில் எடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. நமக்குப் பக்கத்தில், ஜெய்ப்பூரில், சங்கு ஊதுவதை 30 பேரிடம் சோதித்து 2025ல் வெளியிட்டார்கள். வாரம் ஐந்து நாள், குறைந்தது 15 நிமிடம், ஆறு மாதம். ஊதியவர்களுக்கு மணிக்கு நான்கைந்து நிகழ்வுகள் குறைந்தன. சின்ன ஆய்வுதான். வீட்டில் சங்கு இருந்து, அக்கம்பக்கத்தாரும் பொறுமைசாலிகளாக இருந்தால் முயன்று பாருங்கள்.

தொடங்கும் முன்

ஸ்லீப் ஸ்டடி செய்யாமல் இதை ஆரம்பிக்காதீர்கள். குறட்டை குறைந்துவிட்டது, ஆகவே நோய் போய்விட்டது என்று நம்பிக்கொள்வதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. சத்தம் குறைந்த பிறகும் மூச்சு நின்றுகொண்டே இருக்கலாம். இப்போது வீட்டிலேயே ஒரு இரவு கருவியைக் கட்டிக்கொண்டு படுத்துச் செய்யும் சோதனையும் கிடைக்கிறது.

உங்கள் எண் 30க்கு மேல் என்றால், அல்லது இரத்தத்தில் ஆக்ஸிஜன் ரொம்பவும் இறங்குகிறது, இதயக் கோளாறு இருக்கிறது, வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறது என்றால், முதல் வைத்தியம் சிபாப் மெஷின் போன்றவைதான். பயிற்சி அதற்குத் துணையாக வரலாம். மெஷின் வைத்திருப்பவர்கள் அதைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே பயிற்சி செய்யுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் மெஷினை ஒழுங்காகப் போட்டுக்கொண்டதாகப் பிரேசிலில் நடந்த இன்னொரு ஆய்வு சொன்னது. எனக்கும் அப்படித்தான். வாயை மூடி மூக்கால் மூச்சு விடும் பழக்கம் வந்தபின் இரவில் வாய் வழியாகக் காற்று கசிவது குறைந்தது.

மூக்கு அடைத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தும்மல், சைனஸ், வளைந்த மூக்குத்தண்டு எதுவாக இருந்தாலும் இ.என்.டி. டாக்டரிடம் போய்வந்தபின் தொடங்கலாம். தாடை மூட்டில் வலி அல்லது ‘டக்’கென்ற சத்தம் உள்ளவர்கள், விழுங்கும்போது அடிக்கடி புரையேறுபவர்கள், வாயிலோ தொண்டையிலோ சமீபத்தில் அறுவைசிகிச்சை ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். முடிந்தால் முதல் ஒன்றிரண்டு தடவை ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. பெரிய மருத்துவமனைகளில் பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் பயிற்சி சொல்லித்தருபவர்கள் இவர்கள்தான். தசைகளும் கிட்டத்தட்ட அவையே.

தேவையானவை: முகம் முழுக்கத் தெரியும் கண்ணாடி, டார்ச் (செல்போன் டார்ச் போதும்), மென்மையான டூத் பிரஷ், ஒரு பலூன், தையல்காரர் வைத்திருப்பது போன்ற அளவு டேப். சாப்பிட்டவுடன் செய்யாதீர்கள், குமட்டும். நான் காலையில் பல் தேய்த்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன்பும், இரவு படுக்கும் முன்பும் செய்கிறேன்.

நாக்கு எங்கே இருக்க வேண்டும்

எல்லாப் பயிற்சிக்கும் அடிப்படை இது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தருவது சுலபம், ஏனென்றால் நாக்கைப் பாகம் பிரித்து எழுத்துப் பிறக்கும் இடத்தைச் சொன்ன இலக்கணம் நம்முடையது. நுனிநா, இடைநா, முதல்நா, அண்ணம் என்று பெயரெல்லாம் தயாராக இருக்கிறது. முதல்நா என்றால் நாக்கின் அடி, தொண்டைப் பக்கம்.

‘மனம்’ என்று நிதானமாகச் சொல்லி ‘ன’வில் நில்லுங்கள். நாக்கு நுனி, மேல்வரிசைப் பல்லுக்குச் சற்றுப் பின்னால், லேசாகச் சொரசொரப்பாக இருக்கும் மேட்டைத் தொடும். அதுதான் நுனியின் இடம். பல்லில் இடித்தால் அது ‘ந’. பின்னால் சுருண்டு போனால் அது ‘ண’. இரண்டும் வேண்டாம். நுனியை ‘ன’வில் வைத்து, மீதி நாக்கையும் மேலே உயர்த்தி அண்ணத்தில் ஒட்ட வையுங்கள். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் கடித்துக்கொள்ளாமல் சற்று விலகியிருக்கட்டும், மூச்சு மூக்கு வழியாக. பேசாத, சாப்பிடாத நேரமெல்லாம் நாக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். டிவி பார்க்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் நினைவு வரும்போதெல்லாம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிகள்

முதலாவது, வருடுதல். நாக்கு நுனியை ‘ன’வின் இடத்தில் அழுத்தி, அழுத்தத்தை விடாமல் அண்ணத்தின் மேலேயே பின்னோக்கி இழுங்கள். கடினமான அண்ணம் முடிந்து மெத்தென்ற பகுதி தொடங்கும் இடம் வரை போகலாம். பிறகு நாக்கைத் தளர்த்தி முன்னால் கொண்டுவாருங்கள். 20 முறை. வேகமாகச் செய்தால் நாக்கு வெறுமனே வழுக்கிக்கொண்டு போகும், ஒரு பலனும் இருக்காது. ஒரு இழுப்புக்கு இரண்டு மூன்று விநாடி ஆக வேண்டும். தாடை கூடவே ஆடினால் முகவாயில் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். சரியாகச் செய்தால் முகவாய்க்கு அடியில், கழுத்து தொடங்கும் இடத்தில் தசை இறுகுவது விரலுக்குத் தெரியும்.

இரண்டாவது, ஒட்டுதல். நாக்கு முழுவதையும் அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளுங்கள். குதிரைக் குளம்படி மாதிரி குழந்தைகள் நாக்கால் ‘டொக் டொக்’ என்று சத்தம் செய்வார்களே, அந்தச் சத்தம் வருவதற்கு முந்தைய கணத்தில் நாக்கு எப்படி இருக்குமோ அப்படி. அங்கேயே சற்றுப் பிடித்து அழுத்தி, பிறகு விடுங்கள். 20 முறை. வாயைக் கொஞ்சம் திறந்து கண்ணாடியில் பார்த்தால் நாக்குக்கு அடியில் உள்ள நரம்பு போன்ற இழை இழுபட்டு நிற்பது தெரியும். அந்த இழை ரொம்பக் குட்டையாக இருந்து நாக்கு மேலே எட்டவே இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். எனக்கு முதல் மூன்று நாள் நாக்கின் அடி வலித்தது, மாடிப்படி ஏறிய மறுநாள் கெண்டைக்கால் வலிக்குமே அப்படி. பிறகு போய்விட்டது.

மூன்றாவதுதான் எல்லோரும் தப்பாகச் செய்வது. ‘சங்கு’ என்று சொல்லி ‘ங்’கிலேயே நிறுத்துங்கள். முதல்நா மேலே எழும்பி மெத்தென்ற பின் அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது அல்லவா? இப்போது வேண்டியது அதற்கு நேர் எதிர். வாயைத் திறந்து, நாக்கு நுனியைக் கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நுனி அங்கிருந்து நகரக் கூடாது. அப்படியே முதல்நாவைக் கீழே தள்ளுங்கள். டாக்டர் தட்டையான குச்சியை வைத்து அமுக்கித் தொண்டையைப் பார்ப்பாரே, குச்சி இல்லாமல் நாமே அப்படி அமுக்க வேண்டும். சரியாக இறங்கினால் கண்ணாடியில் தொண்டையின் பின்சுவர் தெரியும். 20 முறை. ஆரம்பத்தில் குமட்டல் வரும், கண்ணில் தண்ணீர் வரும். ஐந்தோடு நிறுத்தி மறுநாள் ஏழு செய்யுங்கள். நாக்கு அடி இறங்காமல் மொத்த நாக்கும் உள்ளே சுருங்கினால் தவறு. நுனி பல்லை விட்டு விலகியிருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான்காவது, தொடக்கத்தில் சொன்ன உள்நாக்கு. வாயைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டு, ‘ஆ’ என்று விட்டுவிட்டு 20 முறை சொல்லுங்கள். இழுத்துப் பாட வேண்டாம், ஒவ்வொரு ‘ஆ’வும் வெட்டினாற்போல் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் உள்நாக்கும் அதைச் சுற்றிய வளைவும் மேலே ஏற வேண்டும். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்து, அசைவு பிடிபட்டதும் சத்தத்தை எடுத்துவிட்டு அசைவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே தூக்கி 5 விநாடி பிடிக்க வேண்டும். கொட்டாவி தொடங்கும் முதல் கணத்தில் தொண்டைக்குள் ஒரு விரிவு ஏற்படும், கவனித்திருக்கிறீர்களா? அதைத் தேடிப் பிடிப்பதுதான் சூட்சுமம். எனக்கு அது பிடிபட்டது உண்மையான கொட்டாவி ஒன்றைப் பாதியில் நிறுத்திப் பார்த்தபோது. பயிற்சி நேரம் பூராவும் நிஜக் கொட்டாவியாக வந்து தொலைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவது கன்னத்துக்கு. கையைக் கழுவிவிட்டு, ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டு ஒரு பக்கக் கன்னத்தை வெளியே தள்ளுங்கள். கன்னத் தசை அந்த விரலை உள்ளே தள்ள வேண்டும். விரல் தோற்பதா கன்னம் தோற்பதா என்று சின்னப் போட்டி. பக்கத்துக்கு 10 முறை. நகம் வெட்டியிருக்கட்டும்.

இந்த ஐந்தும் சேர்ந்து எட்டு நிமிடம். பழகும்வரை பன்னிரண்டு ஆகும்.

ஆறாவது தனி நேரம் கேட்காது, சாப்பாட்டோடு போகும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்ல வேண்டும். விழுங்கும்போது நாக்கு அண்ணத்தில் அழுந்தி உணவைப் பின்னால் தள்ள வேண்டும். உதடும் முகவாயும் சுருங்கக் கூடாது. இட்லி மாதிரி மெத்தென்றதில் பழகுங்கள், அப்புறம் சோறு. ரசத்தை உறிஞ்சிக் குடிக்கிற நம் வழக்கத்தில் உதடு குவியத்தான் செய்யும், அதை விட்டுவிடலாம்.

இவற்றோடு 2009 ஆய்வில் இருந்த இரண்டை நான் இரவு வேளையில் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஒன்று, நாக்கைக் கீழே தாழ்த்தி வைத்து அதன் மேற்பரப்பையும் இரு ஓரங்களையும் மென்மையான பிரஷ்ஷால் ஐந்தைந்து முறை தேய்ப்பது. நாக்கு வழிப்பது போன்ற வேலையில்லை இது. தொடுதலுக்கு நாக்கு இறுகிப் பதில் கொடுக்க வேண்டும். இன்னொன்று பலூன். மூக்கால் ஆழமாக இழுத்து, வாயால் பலமாக ஊத வேண்டும், ஐந்து முறை. நடுவில் பலூனை வாயிலிருந்து எடுக்கக் கூடாது. எடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் தொண்டையைச் சரியான நேரத்தில் மூடித் திறக்க வேண்டும், அதில்தான் விஷயம் இருக்கிறது. கண் அறுவைசிகிச்சை ஆனவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பலூனை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு நாள்

குறைந்தது மூன்று மாதம். மேலே சொன்ன இரண்டு பிரேசில் ஆய்வுகளும் அந்த அளவில்தான் பலனைப் பார்த்திருக்கின்றன. முதல் வாரம் எல்லாவற்றையும் பத்துப் பத்தாக, கண்ணாடி முன் மட்டும் செய்யுங்கள். அசைவு சரியாக வந்தபின் எண்ணிக்கையை ஏற்றலாம். இரண்டாம் மாதத்தில் ஒரு சலிப்பு வரும். பெரும்பாலானவர்கள் அங்கேதான் கழன்றுகொள்வார்கள். நானும் ஊரில் ஒரு கல்யாணம் என்று போய்விட்டு ஒன்பது நாள் விட்டேன். திரும்ப ஆரம்பித்தபோது மூன்றாவது பயிற்சி மட்டும் முதல் நாள் போலவே குமட்டியது. சுவரில் காலண்டர் தாளில் ஒரு வேளைக்கு ஒரு கோடு போடுவது எனக்கு உதவியது. செல்போன் நினைவூட்டலை மூன்றே நாளில் அணைக்கப் பழகிவிட்டேன், காலண்டரை அணைக்க முடியாது.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது

தொடங்கும் நாளிலேயே மூன்றைக் குறித்து வையுங்கள். கழுத்துச் சுற்றளவு, எடை, பகல் தூக்கம். பகல் தூக்கத்துக்கு எப்வொர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியம் படுத்தால், சிக்னலில் வண்டி நிற்கும்போது என ஒவ்வொரு சூழலிலும் தூங்கிவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. 10க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று பொருள். மாதம் ஒருமுறை நிரப்புங்கள். பக்கத்தில் படுப்பவரிடமும் கேளுங்கள், அவர் சொல்வது இன்னும் உண்மையாக இருக்கும்.

குறட்டையைப் பதிவு செய்யும் செல்போன் ஆப்களைச் சத்தத்துக்கு மட்டும் நம்பலாம். மூச்சு நின்றதா என்பதற்கு மறுபடியும் ஸ்லீப் ஸ்டடிதான் பதில் சொல்லும். மூன்று மாதம் முடிந்ததும் டாக்டரிடம் சொல்லி அதைச் செய்துகொள்ளுங்கள். மெஷின் அழுத்தத்தைக் குறைப்பதோ, மெஷினை நிறுத்துவதோ அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் எடுக்க வேண்டிய முடிவு.

கூடவே எடையைக் குறைத்தால் பயிற்சி இன்னும் நன்றாக வேலை செய்யும். நாக்குக்குள்ளேயே கொழுப்பு சேரும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. எடை குறையும்போது நாக்கின் கொழுப்பும் குறைவதும், ஆப்னியா தணிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பதும் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வொன்றில் 2020ல் வெளிவந்தன. ஒருக்களித்துப் படுங்கள். மது, தூக்க மாத்திரை இரண்டும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்குவது இப்போது ஒரு மோகமாகியிருக்கிறது. மூக்கு அடைப்பும் ஆப்னியாவும் உள்ளவர் வாயையும் அடைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டும் வீங்குவதுதான் காரணம். பெரியவர்களுக்கான எண் கணக்கும் அவர்களுக்குப் பொருந்தாது. முதலில் இ.என்.டி. டாக்டர். அறுவைசிகிச்சைக்குப் பின்னும் வாயால் மூச்சு விடும் பழக்கம் தொடர்ந்தால் இந்தப் பயிற்சிகள் உதவும், விளையாட்டாகச் சொல்லித்தந்தால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் நான் நிறுத்தவில்லை. மெஷின் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்கிறேன். பயிற்சி மட்டும் நாளைக்கு ஒரு வேளையாகியிருக்கிறது, இரவில், பல் தேய்த்ததும். போன வாரம் என் மனைவி பக்கத்தில் வந்து நின்று, “தள்ளுங்க, நானும் பார்க்கிறேன்” என்று வாயைத் திறந்தாள். நான் டார்ச் அடித்தேன். சத்தமே இல்லாமல், முதல் முயற்சியிலேயே, அவளுடைய உள்நாக்கு மேலே ஏறி நின்றது.